ரி.ரி.பி. வந்து தப்பிய அக்காவுக்கு இப்போது மறதியும் கை விறைப்பும்: என்ன செய்வது?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் இருந்து எழுதுகிறேன் டொக்டர். அக்காவுக்கு 36 வயது. மூன்று வருடத்துக்கு முதல், காலபோகம் விதைத்த நேரம் காய்ச்சலும் தலையிடியும் வந்து, பிளேட்லெட் 14,000 என்றார்கள். முதலில் டெங்கு என்றுதான் பார்த்தது. பிறகு ஆட்களை அடையாளம் தெரியாமல் கதைத்தா, வலிப்பும் வந்தது. யாழ்ப்பாணம் கொண்டுபோய், அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். ரி.ரி.பி. என்று சொல்லி பிளாஸ்மா மாற்றி, றிற்றுக்சிமாப் மருந்தும் ஏற்றி உயிரைக் காப்பாற்றினார்கள். கடைசி கிளினிக்கில் பிளேட்லெட் சரி என்றுதான் சொன்னது. ஆனால் அக்கா பழைய அக்கா இல்லை. சங்கக் கடையில் கணக்குப் பார்த்தவ இப்ப மீதிக்காசு எண்ணத் தடுமாறுறா. அடுப்பில் வைத்ததை மறக்கிறா. மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் ஓடாது என்கிறா, அழுகிறா. அத்தான் பஞ்சி என்கிறார். அம்மா, 2009இல் தம்பியைப் பறிகொடுத்த யோசினை என்கிறா, நூல் கட்டவேணும் என்கிறா. போன மாதம் ஒரு காலை வலது கை விறைத்துக் கோப்பை விழுந்தது, பேச்சும் குழறியது. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. களைப்பு என்று விட்டுவிட்டோம். வயல் வேலையால் இரண்டு தவணை யாழ்ப்பாணக் கிளினிக் போகவில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னவர்கள், தோளில் ஷெல் துண்டு இருப்பதால் பயந்து எடுக்கவில்லை. இது மூளை வருத்தமா, மன வருத்தமா? பப்பாசி இலைச் சாறு தொடர்ந்து கொடுக்கலாமா? இன்னொரு பிள்ளை பெறலாமா?

பதில்: தங்கச்சி, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒன்றைத்தான் முதலில் எடுக்க வேண்டும். கை விறைத்துக் கோப்பை விழுந்த அந்தப் பத்து நிமிடம்.

அது களைப்பு இல்லை. களைப்புக்கு உடம்பு முழுக்கச் சோரும். ஒரு பக்கக் கையும் பேச்சும் ஒன்றாகப் போய், ஒன்றாகத் திரும்பி வராது. வலது கையை ஆட்டும் இடமும் பேச்சை நடத்தும் இடமும் பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடப்பக்கத்தில் அருகருகே இருக்கின்றன. அந்த இடத்துக்குப் போகும் குருதி சற்று நேரம் தடைப்பட்டு மீண்டும் ஓடியிருக்கிறது என்றுதான் எந்த நரம்பியல் வைத்தியரும் முதலில் எடுப்பார். வலிப்பு வந்தவர் என்பதால் அது சிறு வலிப்பாகவும் இருந்திருக்கலாம். எதுவானாலும் வீட்டில் வைத்துத் தீர்மானிக்கிற விஷயம் இல்லை. சிறு குருதிக் குழாய்களைக் குருதிக் கட்டிகள் அடைக்கும் ரி.ரி.பி. நோய் ஒருமுறை வந்த ஒருவருக்கு இப்படி நடந்தால், நோய் திரும்பி வருகிறதா என்ற கேள்விக்குப் பதில் தெரியும்வரை வேறு எதையும் யோசிக்கக் கூடாது.

ஆகவே நாளைக் காலை முதல் பஸ்ஸில் அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள். மாஞ்சோலையில் உள்ள முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலையோ, மாங்குளம் ஆதார வைத்தியசாலையோ, எது உங்களுக்குக் கிட்டவோ அது. யாழ்ப்பாணக் கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். பழைய டயக்னோசிஸ் காட்டையும் கிளினிக் கொப்பியையும் கையில் எடுங்கள். எஃப்.பி.சி. (குருதிக் கலங்களின் எண்ணிக்கை), பிளட் பிக்சர் (குருதியை நுணுக்குக்காட்டியில் பார்ப்பது), எல்.டி.எச். (கலங்கள் சிதைவதைக் காட்டுவது), சிறுநீரகத்துக்கான கிரியேற்றினின் ஆகிய சோதனைகள் அன்றைக்கே செய்யக் கூடியவை. கை விறைத்ததையும் பேச்சு குழறியதையும் வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்லுங்கள். "மறதியாக இருக்கிறா" என்று தொடங்கினால், நெரிசலான ஓபிடியில் அந்தப் பத்து நிமிடம் சொல்லப்படாமலே போய்விடும்.

இந்தப் பதிலை வாசிக்கும்போதே அப்படி ஏதாவது திரும்ப நடந்தால் பஸ்ஸைப் பார்க்க வேண்டாம், 1990 அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள். கை கால் விறைப்பு, வாய் கோணல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், வலிப்பு, ஆள் தடுமாறிக் கதைப்பது, இதுவரை இல்லாத கடும் தலையிடி, நெஞ்சு நோ எல்லாம் இதில் அடங்கும். அம்புலன்ஸ் வருவதற்குள் சரியாகிவிட்டாலும் ஏறிப் போக வேண்டும். சரியாகிவிட்டது என்று திருப்பி அனுப்பும் குடும்பங்களை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி, ஏன் இப்படி வந்து வந்து போகிறது என்று விளக்குகிறேன். இது புரிந்தால் மற்றக் கேள்விகளுக்கான பதிலில் பாதி தானாக வந்துவிடும்.

ரி.ரி.பி. என்பது திரொம்பொட்டிக் திரொம்போசைற்றோபீனிக் பேர்புரா என்ற நீண்ட பெயரின் சுருக்கம். பத்து இலட்சம் பேரில் வருடத்துக்கு ஒருசிலருக்கு மட்டும் புதிதாக வரும் நோய். பெண்களுக்குக் கூடுதலாக வரும், முக்கியமாக முப்பது வயது தொடங்கி ஐம்பது வரை. 1924இல் நியூயோர்க்கில் எலி மொஸ்கோவிற்ஸ் என்ற வைத்தியர் முதன்முதலில் இதை விபரித்தார். 16 வயதுப் பிள்ளை ஒன்று திடீரென வெளிறி, பிறகு பாரிசவாதம் போலச் செயலிழந்து, நினைவு தப்பி இறந்துபோனது. பரிசோதித்துப் பார்த்தபோது உடம்பெங்கும் மிகச் சிறிய குழாய்களில் கட்டிகள் நிறைந்திருந்தன. ஏன் என்று தெரிய அதற்குப் பிறகு எழுபது வருடங்களுக்கு மேல் எடுத்தது.

எங்கள் குருதிக் குழாய்களின் உட்சுவர் வொன் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதத்தை மிக நீளமான சரங்களாக வெளியிடுகிறது. காயம் பட்டால் பிளேட்லெட்டுகள் ஒட்டிப் பிடிக்க அது தேவை. ஆனால் அந்த நீளத்திலேயே அது குருதியில் மிதந்து திரியக் கூடாது. அதை அளவாக வெட்டுவதற்கென்று அடாம்ஸ்-13 என்ற நொதியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு வரும் ரி.ரி.பி.யில் உடம்பு அந்த நொதியத்துக்கு எதிராகவே பிறபொருளெதிரியை (அன்டிபொடி) உண்டாக்கிவிடுகிறது. நொதியம் பத்து சதவீதத்துக்குக் கீழே விழுந்துவிடும். வெட்டப்படாத சரங்களில் பிளேட்லெட்டுகள் போய் ஒட்டி, சிறு குழாய்களில் கட்டிகளாகின்றன. அந்தக் கட்டிகளுக்குள்ளால் நெரிந்து போகும் செங்குழியங்கள் சிதறுகின்றன. அதனால்தான் வெளிறலும், கண் மஞ்சளாவதும், சிறுநீர் கறுப்பதும். பிளட் பிக்சரில் உடைந்த செங்குழியத் துண்டுகளைப் பார்த்துத்தான் ஆய்வுகூடத்தில் சந்தேகம் பிடிப்பார்கள்.

இதில் எல்லோரையும் குழப்புவது பிளேட்லெட் எண்ணிக்கை. குறைந்திருக்கிறது, எனவே குருதி ஓடும் நோய் என்றே எவரும் நினைப்பார்கள். உண்மையில் அவை கட்டிகளில் செலவழிந்ததால் குறைந்திருக்கின்றன. தோலில் சிவப்புப் புள்ளி வரும் அதே நேரம் உள்ளே மூளையில் அடைப்பு நடந்துகொண்டிருக்கும்.

முத்தையன்கட்டு நீரில் வயல் செய்யும் உங்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பெரிய வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடும். கிளை வாய்க்காலின் சிறு மடை ஒன்றில் சருகு அடைத்தால் கடைசிக் காணி மட்டும் காயும். தண்ணீரின் அழுத்தத்தில் சருகு விலகினால் காணி நனையும், திரும்ப வேறு மடையில் அடைக்கும். ரி.ரி.பி. மூளையில் செய்வது அதுதான். பெரிய குழாய்கள் திறந்திருக்கும், சிறு குழாய்களில் கட்டி உண்டாகும், கலையும், இன்னோர் இடத்தில் உண்டாகும். காலையில் பேச்சுக் குழறி மத்தியானம் தெளிவாகக் கதைப்பார். இரவு திரும்பத் தடுமாறுவார். அடுத்த நாள் இடது கால் சோரும். வழமையான பாரிசவாதம் இப்படி இடம் மாறி விளையாடாது. சி.ரி. ஸ்கான் எடுத்தால் பல நேரம் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அடைபட்ட குழாய்கள் அவ்வளவு சிறியவை. "ஸ்கான் கிளியர்" என்ற சொல்லைக் கேட்டு இந்த நோயில் நிம்மதி அடைய முடியாது.

நோய் உச்சத்தில் இருக்கும்போது அரைவாசிக்கும் அதிகமானவர்களுக்கு மூளை, நரம்பு சம்பந்தமாக ஏதாவது ஒன்று வருகிறது. தலையிடியும் குழப்பமான பேச்சும்தான் அதிகம். வலிப்பு, பாரிசவாதம், நினைவு தப்புதல் சிலருக்கு. மூன்று வருடத்துக்கு முதல் அக்கா ஆட்களை அடையாளம் தெரியாமல் கதைத்தது அதுதான்.

முதலில் டெங்கு என்று பார்த்ததைப் பற்றி உங்கள் மனதில் ஒரு குறை இருப்பது எழுத்தில் தெரிகிறது. வன்னியில் மழைக்காலத்தில் காய்ச்சலோடு பிளேட்லெட் குறைந்தால் எந்த வைத்தியரும் முதலில் டெங்கையும், வயலில் நின்றவர் என்றால் எலிக்காய்ச்சலையும் நினைக்கத்தான் வேண்டும். அவை இரண்டும் பல மடங்கு அதிகம். புடையன் கடித்த சிலரிலும் செங்குழியங்கள் இதே மாதிரிச் சிதறி, பிளேட்லெட் விழுந்து, சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது, ஆனால் அது வேறு வழியால் வருவது. பிரித்தறிய உதவுவது பிளட் பிக்சர். அதோடு, ரி.ரி.பி.யில் குருதி உறையும் நேரத்துக்கான சோதனைகள் பெரும்பாலும் வழமையாகவே இருக்கும். இப்போது நிலைமை அப்படி இல்லை. அக்காவுக்கு ரி.ரி.பி. வந்திருக்கிறது என்பது தெரிந்த விஷயம். இனி அவருக்குப் பிளேட்லெட் குறைந்தால், காய்ச்சல் இருந்தாலும், எதிர்மாறாக நிரூபிக்கும்வரை அதை ரி.ரி.பி. என்றே பார்க்க வேண்டும். அதை வாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லப் போவது நீங்கள்தான்.

அதற்கு ஒரு வேலை செய்யுங்கள். கிளினிக் வைத்தியரிடம் கேட்டு, கைக்கு அடக்கமான ஓர் அட்டையில் சில வரிகள் எழுதி வாங்கி லமினேற் பண்ணி அக்காவின் பேர்ஸில் வையுங்கள். இவருக்கு ரி.ரி.பி. வந்தது, இந்த வருடம், இந்த ஆஸ்பத்திரி. பிளேட்லெட் குறைந்தால் மீள வந்ததாகக் கருதவும். பிளேட்லெட் ஏற்ற முதல் குருதியியல் வைத்தியரைக் கேட்கவும். சிகிச்சைக்கு முதல் அடாம்ஸ்-13க்கு மாதிரி எடுக்கவும். ஆங்கிலத்தில் இருக்கட்டும், முடிந்தால் சிங்களத்திலும். அனுராதபுரத்துக்கோ கொழும்புக்கோ அனுப்பப்பட்டால் வாசலில் நின்று கதை சொல்லத் தேவை இருக்காது.

பிளேட்லெட் ஏற்றுவதைப் பற்றி ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், குறைந்த எண்ணிக்கையைக் கண்டதும் ஏற்றத் தோன்றும். உயிருக்கு ஆபத்தான குருதிப்பெருக்கு இருந்தால் ஒழிய இந்த நோயில் அதைத் தவிர்ப்பார்கள். கட்டிக்குத் தீனி போடுவது போலாகிவிடலாம் என்ற பயம்தான். அதேபோல, பாரிசவாதம் வந்தால் நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்கும் கட்டி கரைக்கும் மருந்தும் பிளேட்லெட் ஓர் இலட்சத்துக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை. ரி.ரி.பி.யால் வரும் பாரிசவாதத்துக்கு மருந்து குருதியின் திரவப் பகுதியான பிளாஸ்மாதான். பிறபொருளெதிரி நிறைந்த பிளாஸ்மாவை வெளியே எடுத்து, நொதியம் உள்ள நல்ல பிளாஸ்மாவை உள்ளே விடுவது. அது வருவதற்கு முதல் இந்த நோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். இப்போது பத்தில் எட்டு, ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். கனடாவில் 102 நோயாளர்களில் செய்து 1991இல் வெளியிட்ட ஆய்வில், பிளாஸ்மாவை வெறுமனே ஏற்றியதைவிட மாற்றியதே அதிகம் உயிர்களைக் காத்தது என்று தெளிவாகியது. மாற்றும் இயந்திரம் பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கும். ஆனால் அங்கே போய்ச் சேரும்வரை சாதாரணமாக பிளாஸ்மா ஏற்றத் தொடங்கலாம். அடாம்ஸ்-13 முடிவு வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடவும் தேவையில்லை. மாதிரியை மட்டும் பிளாஸ்மா ஏற்ற முதல் எடுத்து வைக்க வேண்டும்.

ஒரு நாள் மாற்றத்துக்கே கிட்டத்தட்டப் பத்துப் பேர் கொடுத்த குருதியின் பிளாஸ்மா தேவைப்படும். அக்காவுக்கு எத்தனை நாள் மாற்றினார்களோ, அத்தனை பத்துப் பேர். இந்த நாட்டின் எந்தெந்த ஊர்களிலோ, எந்த மொழி பேசியோ, இரத்ததான முகாமில் கையை நீட்டிப் படுத்திருந்தவர்கள். உங்கள் ஊரில் முகாம் நடந்தால் வயதும் உடம்பும் இடம் கொடுக்கும் எல்லோரும் போங்கள். இது உங்கள் கேள்வியில் இல்லாதது, ஆனாலும் சொல்ல வேண்டும் போல இருந்தது.

சரி, மறதிக்கு வருவோம். "மூளை வருத்தமா, மன வருத்தமா" என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை, முதலில் நம்ப வேண்டியது இது: அக்கா சொல்வது உண்மை. அவருக்கு ஓடாது என்றால் ஓடவில்லைத்தான்.

பிளேட்லெட் சரியாகி வீட்டுக்கு அனுப்பினால் நோய் முடிந்தது என்று வைத்தியர்களே நீண்ட காலம் நினைத்திருந்தோம். அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் 1989 முதல் ரி.ரி.பி. நோயாளர்களைப் பதிவுசெய்து வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு நினைவாற்றலும் கவனமும் யோசிக்கும் வேகமும் அவர்களின் வயதுக்கு இருக்க வேண்டிய அளவில் இல்லை. மனச்சோர்வும் உயர் குருதி அழுத்தமும் மற்றவர்களைவிட அதிகம். பாரிசவாதமே வராதவர்களிலும்கூட இப்படி இருந்தது. ஸ்கானில் அகப்படாத சின்னஞ்சிறு சேதங்கள் பல இடங்களில் சிதறிக் கிடந்தால் கை கால் விழாது, ஆனால் இரண்டு விஷயத்தை ஒன்றாக மனதில் பிடிப்பது கஷ்டமாகும். மீதிக்காசு எண்ணும் வேலையை யோசித்துப் பாருங்கள். வந்த தொகையை நினைவில் வைத்து, சாமானின் விலையைக் கூட்டி, கழித்து, முன்னால் நிற்பவர் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். மூளைக்கு அது பாரமான வேலை. அந்த இடத்தில் முதலில் தடுமாறுவது இந்த நோயின் அடையாளத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. மத்தியானத்தோடு ஓய்ந்து போவதும் அப்படித்தான். அத்தானிடம் இந்தப் பகுதியை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். பஞ்சிக்காரர் காலையில் கெட்டிக்காரராக இருந்து மத்தியானம் மட்டும் பஞ்சிப்படுவதில்லை.

அம்மா சொல்வதையும் நான் தள்ளவில்லை. 2009இல் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு அது. அந்தத் துயரம் அக்காவுக்கும் இருக்கிறது, அம்மாவுக்கு அதைவிட இருக்கும். ஆனால் வன்னியில் ஒரு பெண் சோர்ந்து இருந்தால், மறந்தால், அழுதால், உடனே "யுத்தத்தின் யோசினை" என்று முடிவு கட்டி, உடம்பைச் சோதிக்காமல் விடும் பழக்கம் வந்துவிட்டது. அது எனக்கு மிகவும் கவலை தருகிறது. துயரம் 2009இல் வந்தது. மறதி ரி.ரி.பி.க்குப் பிறகு வந்தது. இடையில் அக்கா சங்கக் கடையில் பிழையில்லாமல் கணக்குப் பார்த்திருக்கிறார். இந்த வரிசையைக் கிளினிக்கில் சொல்லுங்கள். தைரொயிட், விற்றமின் பி12, சோகை போன்ற சாதாரணக் காரணங்களும் இருக்கலாம், சோதித்தால் தெரிந்துவிடும். வலிப்புக்கு மாத்திரை குடித்து வருகிறார் என்றால் அதுகூடச் சிலரை மந்தமாக்கும். அதற்காக வீட்டில் நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்தினால் வலிப்புத் திரும்பும். வைத்தியர் பார்த்து மாற்றுவார்.

மனச்சோர்வு இருந்தால் அதற்கும் மருந்து வேண்டும். மூளை பாதிக்கப்பட்டவருக்கு மனச்சோர்வும் சேர்ந்து வருவது சாதாரணம். ஒன்று இருப்பதால் மற்றது பொய்யாகாது. மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே அனுப்பினால் "பைத்தியம் என்கிறார்கள்" என்று யாரும் நினைக்க வேண்டாம். நூல் கட்டுவது அம்மாவுக்கு ஆறுதல் என்றால் கட்டட்டும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கும் போய் வாருங்கள். ஆஸ்பத்திரி முடித்துவிட்டுப் போங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

வீட்டில் செய்யக் கூடியவை உண்டு. ஒரு நேரத்தில் ஒரு வேலை. பாரமான வேலை காலையில். மத்தியானம் சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்கட்டும், யாரும் முகம் சுளிக்காமல். போனில் அலாரம் வைத்து அடுப்பு, மாத்திரை, பிள்ளையின் பள்ளிக்கூட நேரம் எல்லாவற்றையும் அதனிடம் ஒப்படையுங்கள். ஒரு கொப்பியில் அன்றன்றைய விஷயங்களை எழுதிப் பழகட்டும். சங்கத்தில் முகாமையாளரிடம் கதைத்து, காசுப் பக்கம் இல்லாமல் சாமான் அடுக்கும் பக்கம் அரை நாள் வேலை கேட்டுப் பாருங்கள். முற்றாக வீட்டில் இருத்திவிடுவதைவிட அது நல்லது. பழைய கணக்கை வைத்து "இதுகூடத் தெரியாதா" என்று கேட்பதை எல்லோரும் நிறுத்த வேண்டும். பலருக்கு மாதங்கள் செல்லச் செல்ல ஓரளவு முன்னேற்றம் வரும். பழைய நிலைக்கு முழுதாக வருவார் என்று நான் வாக்குத் தர முடியாது. இன்னொன்று: பரிசோதனை முடியும்வரை கிணற்றடிக்குத் தனியே விடாதீர்கள், மோட்டார்சைக்கிளும் ஓட வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அந்த இயந்திரம் மிகப் பலமான காந்தம். இரும்புத் துண்டு உடம்பில் இருந்தால் அது அசையலாம், சூடாகலாம். கண், முள்ளந்தண்டு, பெரிய குருதிக் குழாய் இவற்றுக்குக் கிட்ட இருந்தால் பெரிய ஆபத்து. தோள் தசைக்குள் வருடக்கணக்காகப் பதிந்து கிடக்கும் துண்டு என்றால் சில நேரம் எடுக்கலாம் என்று கதிரியல் வைத்தியர் முடிவு செய்வார். முதலில் எக்ஸ்ரே எடுத்து துண்டு எங்கே, எத்தனை என்று பார்க்க வேண்டும். தோளில் ஒன்று என்று நினைத்தவருக்குக் கழுத்திலும் தலைத் தோலிலும் சிறு துண்டுகள் இருப்பதுண்டு. ஆகவே "ஒன்றுதான்" என்று நீங்களாகச் சொல்லிவிட வேண்டாம், எக்ஸ்ரே சொல்லட்டும். எம்.ஆர்.ஐ. முடியாது என்று வந்தாலும் சி.ரி. எடுக்கலாம், அதற்குக் காந்தம் இல்லை. இந்த நோயைப் பின்தொடர எல்லாவற்றையும்விட முக்கியம் குருதிச் சோதனைதான். எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாததால் சிகிச்சை தடைப்படாது. பயந்து பேசாமல் இருந்ததால்தான் கிளினிக்கும் தள்ளிப்போயிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அடுத்த முறை பயத்தை அப்படியே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பப்பாசி இலைச் சாறு வேண்டாம். அக்காவின் உடம்பு பிளேட்லெட்டை உண்டாக்கிக்கொண்டுதான் இருந்தது, அது கட்டிகளில் செலவாகியது. பிளேட்லெட் உண்டாகும் எலும்பு மச்சையைத் தூண்டுவதால் தீரும் பிரச்சினை இல்லை. இப்போது எண்ணிக்கை சரியாக இருந்தால் எதற்கு என்ற கேள்வியும் உண்டு. மூலிகையோ, வலி மாத்திரையோ, தெரியாத மருந்து எதுவும் கிளினிக்கில் கேட்காமல் கொடுக்க வேண்டாம். கடையில் அஸ்பிரின் வாங்கிக் கொடுப்பதும் இதில் சேர்த்திதான். பாரிசவாதத்தைத் தடுக்க அஸ்பிரின் தேவைப்படலாம், ஆனால் பிளேட்லெட் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்துத்தான் தொடங்குவார்கள்.

கிளினிக்கில் நீங்கள் கேட்க வேண்டிய எண் ஒன்று இருக்கிறது: இப்போதைய அடாம்ஸ்-13 எவ்வளவு? பிளேட்லெட் விழுவதற்கு வாரங்கள், மாதங்கள் முன்னமே இந்த நொதியம் இறங்கத் தொடங்கலாம். ரி.ரி.பி. வந்தவர்களில் மூன்றில் ஒருவர் தொடங்கி இருவரில் ஒருவர் வரை மீள வருவதாகக் கணக்கு. நொதியம் இருபது சதவீதத்துக்குக் கீழே போனால், நோய் வெளிப்பட முதலே, பிறபொருளெதிரி உண்டாவதை அடக்கும் றிற்றுக்சிமாப் கொடுத்து அதைத் தடுக்கும் வழமை இப்போது இருக்கிறது. முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறையும் பார்ப்பார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்யும் சோதனை இல்லை இது, மாதிரியை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கலாம். தவறவிட்ட இரண்டு தவணைகளில் போயிருக்க வேண்டியது இந்த மாதிரிதான். பிளேட்லெட் வழமையாக இருந்தும் நொதியம் முழு அளவுக்குத் திரும்பாதவர்களுக்குப் பாரிசவாதம் கூடுதலாக வருகிறது என்று 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதனால்தான் நாளைக்கு எஃப்.பி.சி. நல்லதாக வந்தாலும் "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போவோம்" என்று திரும்பாமல் இந்த எண்ணைக் கேட்டு நிற்கச் சொல்கிறேன். குருதி அழுத்தம், சீனி, கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் கூட இருந்தால் கருவாட்டையும் அச்சாறையும் குறைக்க வேண்டும்.

பிள்ளை விஷயம். பெறவே கூடாது என்று இல்லை. ரி.ரி.பி. வந்த பல பெண்கள் நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். ஆனால் கர்ப்ப காலம் இந்த நோயை எழுப்பக் கூடிய காலங்களில் ஒன்று. நொதியம் நல்ல அளவில் இருக்கும்போது திட்டமிட்டு, குருதியியல் வைத்தியரும் மகப்பேற்று வைத்தியரும் சேர்ந்து பார்க்கும் இடத்தில், மாதா மாதம் சோதித்துக்கொண்டு போக வேண்டும். இப்போது, இந்தக் கை விறைப்புக்குக் காரணம் தெரியாத நேரத்தில், வேண்டாம். அதுவரை குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஈஸ்திரோஜன் கலந்த மாத்திரையைத் தவிர்ப்பது நல்லது, அது குருதி கட்டியாவதைக் கூட்டும். குடும்ப நல உத்தியோகத்தரிடம் ரி.ரி.பி. என்ற பெயரைச் சொன்னால், சுகாதார வைத்திய அதிகாரியோடு கதைத்து லூப் போன்ற வேறு வழி சொல்வார்.

வயல் வேலையால் கிளினிக் போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அறுவடை நேரம் வன்னியில் ஒரு நாள் கூலி என்ன பெறுமதி என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணம் போய்வர ஒரு முழு நாள் போகும். கிளினிக் வைத்தியரிடம் கேட்டால், இடையிடையே எஃப்.பி.சி.யை முல்லைத்தீவிலேயே எடுத்து முடிவைப் போனில் சொல்லவும், யாழ்ப்பாணம் வரும் தவணைகளைக் குறைக்கவும் ஒழுங்கு செய்யலாம். கேட்டால்தான் செய்வார்கள்.

நாளைக்குப் போய் வந்ததும் எனக்குத் திரும்ப எழுதுங்கள் தங்கச்சி. பிளேட்லெட் எண்ணிக்கை, ஹீமோகுளோபின், எல்.டி.எச்., பிளட் பிக்சரில் உடைந்த செங்குழியம் இருந்ததா இல்லையா, குருதி அழுத்தம், இப்போது குடிக்கும் மாத்திரைகளின் பெயர்கள், எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். பிளேட்லெட் குறைந்திருந்தால் எனக்கு எழுத மினக்கெட வேண்டாம், அவர்கள் அனுப்பும் ஆஸ்பத்திரிக்கு அக்காவோடு அம்புலன்ஸில் ஏறுங்கள்.